அண்ணன் பிடித்த குச்சி

லிஃப்ட்காரரின் வலது கட்டைவிரல் மடங்காது. அவர் வேலை பார்த்த ஏழு மாடிக் கட்டடத்தில் இருந்தது பழைய காலத்து லிஃப்ட். கையால் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. ஒருநாள் காலை கணக்குப் பிரிவுப் பெண்மணி ஒருவர் தூரத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவருக்காகக் கதவைப் பிடித்து நின்றார் லிஃப்ட்காரர். உள்ளே நின்ற இன்னொருவருக்குப் பொறுமை இல்லை. கதவை அவரே இழுத்துச் சாத்திவிட்டார்; லிஃப்ட்காரரின் கட்டைவிரல் நடுவில் சிக்கியது. எலும்பு கூடியது, விரல் விறைத்து நின்றுவிட்டது. சாத்தியவர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். ஓடி வந்த பெண்மணி, "அவ்வளவு நடந்தும் எனக்கு அன்னைக்கு லேட்டுதான்" என்று பல பேரிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்த விரல் இல்லாமல் சட்டைப் பித்தானைப் போட முடிந்தது, முகம் மழிக்க முடிந்தது, லிஃப்ட் ஓட்டவும் முடிந்தது. முடியாமல் போனது வீடியோ கேம் ஒன்றுதான்.

சிரித்துவிடக் கூடாது. அவர் வாழ்க்கையில் ஊர் பார்க்க ஜெயித்தது அதில் மட்டும்தான். அவர் பள்ளிக்கூடம் போன நாட்களில் அப்பா ஒரு கேம் பெட்டி வாங்கி வந்திருந்தார். அதற்கு ஒரு ஜாய்ஸ்டிக். சதுரமான கறுப்புப் பீடம், நடுவில் ரப்பர் கழுத்துப் போட்ட குச்சி, மூலையில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். பீடத்தை இடது கையால் பிடித்து, பொத்தானை இடது கட்டைவிரலால் அமுக்கி, குச்சியை வலது முஷ்டியால் ஆட்ட வேண்டும். தெருப் பிள்ளைகள் வரிசை கட்டி வந்து அவரிடம் தோற்றுவிட்டுப் போனார்கள். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய தம்பி அப்போது கைக்குழந்தை. தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லாததால் அண்ணனின் முதுகோடு துணியால் கட்டிவிடுவார் அம்மா. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடியே வளர்ந்தது அந்தக் குழந்தை. அண்ணனின் எந்தத் தோள் தாழ்ந்தால் குச்சி எந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

பெட்டி ஒரு மழைநாளில் மின்சாரம் எகிறியதில் கருகிப் போனது. அப்பா போனார், பிறகு அம்மா போனார். ஜாய்ஸ்டிக் மட்டும் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

தம்பி வளர்ந்து வயரிங் வேலைக்குப் போனான். வேலை வந்தால் வரும், வராவிட்டால் வாரக்கணக்கில் வராது. அண்ணன் வீட்டில்தான் இருந்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை. அண்ணி ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் இஸ்திரி போட்டாள். நாளெல்லாம் ஆவியில் நின்று, முகம் எப்போதும் வெந்தது போலவே இருக்கும். மூன்று பேரும் சாப்பிட உட்காரும்போது அண்ணன் ஏதாவது ஒன்று சொல்லாமல் இருக்க மாட்டார்.

"மெதுவா சாப்பிடு, தம்பி. ஆபீசுக்கு லேட் ஆயிடுமோ?"

அவனுக்கு ஆபீஸ் இல்லை. தலையைக் குனிந்து சாப்பிடுவான். அண்ணி கரண்டியை வேண்டுமென்றே சத்தமாகப் பாத்திரத்தில் போடுவாள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் யாரையும் தட்டிக் கேட்டதில்லை.

பழைய கேம் பெட்டிகளைப் பழுது பார்த்து விற்கும் கடை ஒன்று சந்தைத் தெருவில் இருந்தது. கடைக்காரரை எல்லோரும் ஈயம் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தவைக்கும் கோலும் ஈயக் கம்பியும் கையில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கடையில் வியாபாரம் இருக்காது. வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் கூடி ஆடுவார்கள். தம்பி அங்கே போய்க்கொண்டிருந்தான். நல்ல ஆட்டக்காரன். வீட்டில் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஒரு ஞாயிறு, என்ன தோன்றியதோ, அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே ஆடியது குத்துச்சண்டை. அண்ணனுடைய பெட்டிக்குப் பின்னால் வந்த தலைமுறைப் பெட்டி. அதுவும் இப்போது பழசுதான். அதற்குக் குச்சி கிடையாது. தட்டையான பேட், இடப் பக்கம் சிலுவை போல ஒரு கட்டை, வலப் பக்கம் வரிசையாகப் பொத்தான்கள். லிஃப்ட்காரரின் விறைத்த விரல் ஒரு பொத்தானைத் தேடிப் போய் இரண்டை அமுக்கியது. முஷ்டியால் அமுக்கிப் பார்த்தார். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"என்ன அண்ணே, தபாலாபீஸ்ல ஸ்டாம்பு குத்துற மாதிரி குத்துறீங்க?" என்றான் ஒருத்தன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். அங்கே அவன் பெயரே மருந்துக்கடை. எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் கொஞ்சம் சிரித்தான்.

அடுத்த ஞாயிறு லிஃப்ட்காரர் பையில் ஜாய்ஸ்டிக்கோடு வந்தார்.

"இதை அதுல மாட்ட முடியுமா?"

ஈயம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குச்சியை ஆட்டி, உள்ளே தகடு தட்டும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார்.

"உயிரோடதான் இருக்கு அண்ணே. ஆனா இது பேசுற பாஷை வேற, அது கேக்கற பாஷை வேற. இதுல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு வயரு. அதுல எல்லாம் ஒரே வயருல வரிசையாப் போகணும். நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளரை உக்கார வைக்கணும்."

"உக்கார வையேன்."

"பாக்கறேன்."

சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு டப்பாவில் ஒரு பக்கம் ஜாய்ஸ்டிக்கின் முனையும் மறு பக்கம் கேம் பெட்டிக்குப் போகும் வயருமாக ஒரு கன்வெர்ட்டர் செய்தார் ஈயம். அதை மாட்டிப் பார்த்த அன்று கடையில் எல்லோரும் இருந்தார்கள். லிஃப்ட்காரர் ஸ்டூலில் அமர்ந்து பீடத்தை மடியில் வைத்துக் குச்சியை முஷ்டியில் பிடித்தார். அந்தப் பிடியில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. அவர் முகம் சட்டென்று இளமையாகிவிட்டது. இடப் பக்கம் சாய்த்தார். திரையில் குத்துச்சண்டைக்காரன் இடப் பக்கம் ஓரடி வைத்தான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வலப் பக்கம் சாய்த்தாலும் சரி, பொத்தானை அமுக்கினாலும் சரி, அந்த ஆள் அசையவே இல்லை. டப்பாவுக்குள் ஏதோ போய்விட்டது.

பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான் தம்பி. அவன் மடியில் முந்தைய ஆட்டத்தின் பேட் வயரோடு இன்னும் கிடந்தது; அதுவும் டப்பாவும் திரையில் ஒரே ஆளுக்குத்தான் இணைந்திருந்தன. அதை எடுத்து வைக்கப் போனபோது அவன் விரல் பொத்தானில் பட்டது. திரையில் குத்துச்சண்டைக்காரன் கையை ஓங்கி ஒரு குத்து விட்டான்.

"வந்துடுச்சு!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். "பாத்தியா, வந்துடுச்சு!"

ஈயம் வாயைத் திறந்தார். தம்பி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அண்ணனின் வலத் தோள் தாழ்ந்தது. தம்பியின் விரல் வலப் பக்கம் அமுக்கியது. அண்ணனின் இடது கட்டைவிரல் சிவப்புப் பொத்தானில் இறங்கியது; தம்பி குத்தினான். அன்று லிஃப்ட்காரர் மருந்துக்கடையை ஒரு சுற்றில் வீழ்த்தினார். மருந்துக்கடை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எழுந்து நின்று கை குலுக்கினான்.

"சாம்பியன்!" என்றான்.

அன்று அதில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. ஈயம் அடுத்த வாரம் டப்பாவைச் சரி செய்துவிடுவதாகத் தம்பியிடம் சொன்னார். அடுத்த வாரம் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் மருந்துக்கடை, "எதுக்குண்ணே சரி பண்றீங்க? இதுதான் சூப்பரா ஓடுது" என்றான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இரட்டிப்பானது. ஆட்டம் பார்க்க வந்த கூட்டமல்ல. லிஃப்ட்காரரைப் பார்க்க வந்தது. அவர் உடம்பை வளைத்து, நாக்கைக் கடித்து, வியர்த்து விறுவிறுத்து ஆடுவார். முதுகுக்குப் பின்னால் தம்பி செய்தித்தாளை மடியில் விரித்து, அதற்கடியில் பேடைப் பிடித்திருப்பான். தரையில் பின்னிக்கிடந்த வயர்களில் எது எங்கே போகிறது என்று யாரால் சொல்ல முடியும்? பார்க்கிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்கு வெளியே ஓடிப் போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள்.

"கொஞ்சம் லேட்டாக் குத்துறான்பா" என்று ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார் லிஃப்ட்காரர்.

"பழசையும் புதுசையும் கட்டி வச்சா அப்படித்தான் அண்ணே" என்றார் ஈயம், தலையை நிமிர்த்தாமல்.

"பரவாயில்ல. அதையும் கணக்குல வச்சுத்தான் ஆடுறேன்."

இப்படி மாதங்கள் போயின. ஜெயிக்கிறவர் மாறத்தானே செய்வார்? லிஃப்ட்காரரும் மாறினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மனைவிக்குப் பூப்போட்ட கைக்குட்டையோ வறுத்த கடலையோ வாங்கி வந்தார். கால் வலிக்கிறதா என்று கேட்டார். ஒருநாள் அவள் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி வைத்தார். திங்கள் முதல் சனி வரை பழைய ஆள்தான். லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் நேற்று யாரை எப்படி வீழ்த்தினேன் என்று மாடிக்கு மாடி சொன்னார். ஏழாவது மாடிக்குப் போகிறவர்கள் முழுக் கதையும் கேட்டாக வேண்டும்.

அவருக்குத் தலைக்கனம் ஏற ஏற, அதன் பாரம் தம்பி மேல் இறங்கியது.

"நீயும் ஆடுறியே, அது ஒரு ஆட்டமா?" கடையில் எல்லோர் முன்பும் கேட்டார். "செத்த பாம்பை அடிக்கிற மாதிரி அடிக்கிறே. என்னைப் பாத்தாவது கத்துக்கோ. விரல் இல்லாதவன் நான். உனக்கு எல்லாம் இருக்கு."

தம்பி செய்தித்தாளில் ஒரு பக்கத்தைப் புரட்டினான்.

"இவன் எல்லாரோடயும் ஆடுறான். என்கூட மட்டும் ஆட மாட்டேங்குறான், பாத்தீங்களா? பயம்! சொந்த அண்ணன்கிட்ட என்னடா பயம்?"

கடையே அதிர்ந்தது. ஒருத்தன் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினான். தம்பியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து லிஃப்ட்காரரும் தொடையில் தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வியைக் கேட்டார். கேட்கும்படி மருந்துக்கடை அவரைத் தூண்டிவிட்டான்.

ஈயம் ஒருநாள் தம்பியைத் தனியாகப் பிடித்தார். "போதும்பா. டப்பாவைச் சரி பண்ணிடறேன். அண்ணன் தானே ஆடட்டும்."

"சரி பண்ணா தோத்துருவாரு."

"தோக்கட்டுமே."

"தோத்துட்டு வீட்டுக்கு வந்தா அந்த வீட்டுல இருக்கப்போறது நானா நீங்களா?"

ஈயம் டப்பாவைத் தொடாமல் விட்டார்.

அந்த ஆண்டு மின்சாமான் விற்கும் பெரிய கடை ஒன்று பழைய கேம்களுக்குப் போட்டி வைத்தது. வாடகைக் கூடம், மேடை, சுவர் அளவுக்குத் திரை. குத்துச்சண்டைக்குப் பெட்டியும் சாமான்களும் ஈயம் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. லிஃப்ட்காரர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். கட்டடம் முழுக்கச் சொன்னார். மேனேஜரிடம் சொன்னார், கணக்குப் பிரிவுப் பெண்மணியிடமும் சொன்னார். அதே வாரத்தில், இதையும் சொல்லத்தான் வேண்டும், கட்டடத்தில் எலக்ட்ரீஷியன் வேலை காலியானபோது மேனேஜரிடம் தம்பிக்காகப் பேசியவரும் அவர்தான். "நல்ல பையன் சார். வேலையில பொய் இருக்காது" என்று சொல்லியிருந்தார். அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு சொல்லிக்காட்டலாம் என்று வைத்திருந்தார்.

போட்டியன்று கூடம் நிறைந்திருந்தது. அவர் புதுச் சட்டை போட்டிருந்தார்; மனைவி விறைப்பாக இஸ்திரி போட்டுக் கொடுத்தது. எதிராளி மருந்துக்கடை. மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை. சாமான் பார்த்துக்கொள்கிற ஆள் என்று சொல்லித் தம்பியைப் பின்னால் உட்கார வைத்திருந்தார் ஈயம். வழக்கம் போல மடியில் செய்தித்தாள்.

மைக் பிடித்திருந்தவன் லிஃப்ட்காரரின் விரலைப் பார்த்துவிட்டான்.

"சார், இந்த விரலை வச்சுக்கிட்டு எப்படி சார் ஜெயிக்கிறீங்க?"

லிஃப்ட்காரர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"விரல்ல என்னங்க இருக்கு? மண்டை வேணும். இதோ பின்னால உக்காந்திருக்கானே, என் தம்பி. இவனுக்குப் பத்து விரலும் பத்திரமா இருக்கு. என்ன பிரயோஜனம்? என் வீட்டுச் சோத்தைப் பிசையறதுக்குத்தான் ஆகுது."

கூடம் சிரித்தது. முன்வரிசையில் மேனேஜரும் சிரித்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி சிரிக்கவில்லை.

முதல் சுற்றில் லிஃப்ட்காரர் ஜெயித்தார். அவ்வளவு அழகாகத் தம்பி அதற்கு முன்பு ஆடியதில்லை என்று ஈயம் பிற்பாடு சொன்னார். குத்து ஒவ்வொன்றும் எண்ணி வைத்தது போல விழுந்தது. கட்டடத்து ஆட்கள் எழுந்து நின்று கத்தினார்கள். லிஃப்ட்காரர் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கையையும் உயர்த்தினார்.

இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்தது. தம்பி செய்தித்தாளை மடித்தான். பேடை மெதுவாகத் தரையில் வைத்தான். கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சுவர் அளவுத் திரையில் லிஃப்ட்காரரின் ஆள் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். மருந்துக்கடையின் ஆள் வந்து முகத்தில் குத்தினான். நின்றான். வயிற்றில் குத்தினான். நின்றான். லிஃப்ட்காரர் குச்சியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறி பிடித்தது போல ஆட்டினார். சிவப்புப் பொத்தானை அமுக்கிய அமுக்கில் பீடமே மடியில் குதித்தது. விறைத்த விரல் மேசை விளிம்பில் இடித்துத் தோல் உரிந்தது, அவர் கவனிக்கவில்லை. மருந்துக்கடைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே குத்தினான். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, ரசித்துக் குத்தினான்.

"வயரு... வயரு லூசா இருக்கு! நிறுத்துங்க!" என்றார் லிஃப்ட்காரர். ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் டப்பாவின் வயரைத் தேடினார்.

தம்பி தரையிலிருந்து பேடை எடுத்தான்.

லிஃப்ட்காரரின் தலை மேசைக்கடியில் இருந்தது; ஜாய்ஸ்டிக் மேசைமேல் தனியாகக் கிடந்தது. திரையில் அவருடைய ஆள் தானாக நிமிர்ந்தான். இடம், வலம், இடம் என்று மூன்று குத்து. மருந்துக்கடையின் ஆள் மல்லாந்து விழுந்தான்.

கூடத்தில் எழுந்த சிரிப்பைக் கேட்டுத்தான் லிஃப்ட்காரர் தலையை வெளியே எடுத்தார். திரையைப் பார்த்தார். கீழே விழுந்து கிடப்பவன் எதிராளி. நிற்பவன் தன் ஆள். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தார் பாவம்.

"சாம்பியன், பின்னால பாருங்க" என்றான் மருந்துக்கடை.

பார்த்தார். தம்பி பேடை மறைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தான். லிஃப்ட்காரரின் கண் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனது. நாற்காலிக்கு அடியில், மேசைக்கு அடியில், கேம் பெட்டி வரைக்கும்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

"மொத நாள்லேந்து" என்றான் தம்பி. "இப்ப சொல்லுங்கண்ணே, சோறு பிசையறதுக்கு மட்டும்தானா?"

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றாமலேயே மனைவியிடம் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்துச் சொம்பைக் கவிழ்த்தாள்.

"தெரியும். ஒருநாள் சாவி வாங்க அந்தக் கடைக்கு வந்தேன். வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

"சொல்லணும்னு தோணலயா?"

"எதுக்குச் சொல்லணும்? வாரத்துல ஒரு நாள் நீங்க மனுஷனா வீட்டுக்கு வந்தீங்க. அதையும் கெடுத்துக்கணுமா நான்?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடிபட்ட விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். போட்டுவிடவில்லை. வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். வேறு எங்கே போவது? லிஃப்ட் என்பது ஒதுங்கி நிற்க மூலை இல்லாத இடம். கேலி செய்கிறவர்களோடு கதவைத் தானே சாத்திக்கொண்டு, அவர்களைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். "மேல போறது நீங்களா, இல்ல உங்க தம்பியா?" என்று கேட்டார்கள். அவர் பொத்தானை அமுக்கும்போது ஒருத்தர் பின்னாலிருந்து அதே பொத்தானைக் காற்றில் அமுக்கிக் காட்டினார். கணக்குப் பிரிவுப் பெண்மணிக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. ஒருநாள் கதவுக் கைப்பிடியில் உடைந்த பேட் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அதை அவிழ்க்கவில்லை. சாயங்காலம் வரை அது ஒவ்வொரு மாடியிலும் கதவோடு ஆடிக்கொண்டே இருந்தது.

வாரக் கடைசியில் மேனேஜர் லிஃப்டில் ஏறினார். வேறு யாரும் இல்லை.

"அந்த எலக்ட்ரீஷியன் வேலைக்கு உங்க தம்பியை நாளைக்கு வரச் சொல்லலாம்னு இருக்கேன். அன்னைக்கு மேடையில நடந்தது விளையாட்டு, அதை விடுங்க. ஆள் நல்ல கைகாரன். என்ன சொல்றீங்க?"

லிஃப்ட்காரர் முன்னால் ஓடும் மாடிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது மாடி போனது. நான்காவது போனது.

"வேணாம் சார்."

"ஏன்?"

"வயரிங் ஆளு சார் அவன். உசுரு சம்பந்தப்பட்ட வேலை. கூட இருந்துக்கிட்டே எப்ப கையை எடுப்பான்னு தெரியாது. நான் முன்னாடி சொன்னது தப்பு."

மேனேஜர் அவரை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கினார். வேலை வேறொருவருக்குப் போனது.

அதையும் அவர் ஒளிக்கவில்லை. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தம்பியிடம் நேராகச் சொன்னார், அந்த வேலை வந்ததையும் தான் அதைக் கெடுத்ததையும். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. தம்பி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டு எழுந்தான். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் போட்டிருந்த பையை எடுத்தான். இரண்டு சட்டையை அதற்குள் திணித்தான்.

"தம்பி, காலையில போகலாம்" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி. இங்க இன்னொரு வாய் இறங்காது."

அவன் போன பிறகு அவள் கணவனிடம் கேட்டாள், "இப்ப சரிக்குச் சரி ஆயிடுச்சா?"

"இன்னும் ஆகல" என்றார் அவர். அது உண்மைதான். அவருக்கு இன்னும் பசித்தது. தன் தட்டை முன்னால் இழுத்து மிச்சத்தையும் சாப்பிட்டார்.

தம்பி வேறு ஊருக்குப் போய்க் கட்டட வேலைகளில் வயரிங் ஆளாகச் சேர்ந்தான். அண்ணியிடம் மட்டும் போனில் பேசுவான்.

சில மாதம் கழித்து ஈயம் அந்தக் கட்டடத்துக்கு வந்து லிஃப்டில் ஏறினார். மேலே போய், இறங்காமல், கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"எந்த மாடி?" என்றார் லிஃப்ட்காரர்.

"எதுவும் இல்ல அண்ணே. டப்பாவைச் சரி பண்ணிட்டேன். உள்ள ஒரு வயரு ஈயம் பிடிக்காம சும்மா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மொத நாளே பாத்திருக்கணும். இப்ப எல்லாப் பக்கமும் வேலை செய்யுது. ஜாய்ஸ்டிக்கும் என்கிட்டதான் இருக்கு. வந்து ஆடுங்க. நிஜமா ஆடுங்க."

ஞாயிறு மத்தியானம் லிஃப்ட்காரர் கடையில் போய் நின்றார். அவர் முதலில் பின்னால் போய் அந்த மரப்பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு வந்தார். பிறகு தரையில் கிடந்த வயர் ஒவ்வொன்றையும் கையில் பிடித்துப் பார்த்தார். தன்னுடையதைத் தவிர ஒன்றே ஒன்றுதான் மாட்டியிருந்தது; அது மருந்துக்கடையின் கையில் இருந்த பேட்.

உட்கார்ந்தார். குச்சியை இடப் பக்கம் சாய்த்தார். ஆள் இடம் போனான். வலப் பக்கம்; வலம் போனான். பொத்தானை அமுக்கிய கணமே குத்து விழுந்தது. தாமதமே இல்லை. அத்தனை மாதம் அந்தத் தாமதத்துக்குப் பழகிப்போன கைக்கு இது பிடிபடவில்லை. முந்திக்கொண்டு குத்தினார், காற்றைக் குத்தினார். மருந்துக்கடை முதல் சுற்றில் அவரை வீழ்த்தினான். இரண்டாவது சுற்றில் வீழ்த்தினான். மூன்றாவது சுற்றில், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பார்த்து, அப்படியும் வீழ்த்தினான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"டப்பா நல்லா வேலை செய்யுதுல்ல?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"செய்யுது அண்ணே."

"வயரு எதுவும் லூசா இல்ல?"

"இல்ல அண்ணே."

"அப்ப நான்தான் தோத்திருக்கேன்."

ஈயம் குனிந்து பத்தவைக்கும் கோலைத் துடைத்தார். "ஆமாண்ணே" என்றார்.

அதோடு விட்டுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விடவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மருந்துக்கடையிடம் தோற்றார், புதிதாக வந்தவர்களிடம் தோற்றார், பள்ளிச் சீருடையில் ஒருநாள் எட்டிப் பார்த்த பெண்ணிடமும் தோற்றார். அந்தப் பெண் பாவம் பார்த்து, "அங்கிள், நீங்க வேணும்னே விட்டுக்கொடுத்தீங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நல்லாத்தான் ஆடினேன்" என்றார். கூட்டம் குறைந்து பழைய நாலைந்து பேரில் வந்து நின்றது. தோற்கிற லிஃப்ட்காரரைப் பார்க்க யார் வருவார்கள்?

வீட்டுக்குக் கைக்குட்டையும் கடலையும் வருவது நின்றுபோனது. ஞாயிறு சாயங்காலம் வருவார், செருப்பை உதறுவார், தட்டின் முன் உட்காருவார். அப்படி ஒரு சாயங்காலம் தம்பியிடமிருந்து போன் வந்தது. அவள் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடையில் வைத்தாள்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி? கால் வலி எப்படி இருக்கு?"

"இருக்கு, அது எங்க போகும்."

கொஞ்ச நேரம் வயரிங் வேலை, வாடகை அறை, குழாயில் தண்ணீர் வராதது என்று பேசினான். பிறகு குரலை இறக்கிக் கேட்டான், "அவரு என்ன பண்றாரு?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் எடுத்த சோற்று உருண்டையோடு அப்படியே இருந்தார்.

"தோத்துட்டு வந்து சாப்பிடுறாரு" என்றாள்.

போனில் தம்பி சிரித்தான். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல். சமையலறை முழுக்க அந்தச் சிரிப்புக் கேட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். லிஃப்ட்காரர் உருண்டையை வாயில் போட்டு மென்று விழுங்கினார். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, கதவைச் சாத்திப் படுத்தார்.